புளி போட்டு விளக்கிய சருவம்

திருவனந்தபுரத்தில் பதினோரு நாள் இருந்தேன். பத்மநாப சுவாமியைச் சேவிக்கவில்லை. சங்குமுகம் கடலில் கால் நனைக்கவில்லை. ஒரு துரைக்கு அவருடைய பங்களாப் பின்கட்டில் பீர் காய்ச்சிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஊருக்கு வந்ததும், "மூன்று வாசலிலும் பெருமாளைப் பார்த்தாயா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நல்ல தரிசனம் என்று சொல்லிவைத்தேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது.

யுத்த காலம் அது. சீமையிலிருந்து கப்பலில் பீர் வருவது நின்றுபோயிருந்தது. நான் அப்போது மைசூர்ப் பக்கம் ஒரு பீர் ஆலையில் கெமிஸ்ட். கெமிஸ்ட் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தண்ணீரிலும் கூழிலும் புளிப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற உத்தியோகம். ஆலை முதலாளி வெள்ளைக்காரர்; அவருடைய மைத்துனரான இந்தத் துரை திருவனந்தபுரத்தில் இன்ஜினீயராக இருந்தார். பாட்டில் வராவிட்டால் என்ன, வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாமே என்று அவருக்கு ஒரு யோசனை. சர்க்காரிடம் அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டார். காய்ச்சுகிற ஆள்தான் வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இது நல்லபடியாக முடியட்டும், உதவி ப்ரூவர் இடத்துக்கு உன் பெயரைச் சொல்கிறேன்" என்றார். ப்ரூவர் என்றால் பீர் காய்ச்சுவதை நடத்துகிறவர்; அவருக்கு அடுத்த அந்த நாற்காலியின் மேல் எனக்கு எட்டு வருஷமாகக் கண்.

சமஸ்தான எல்லையில் சுங்கச் சாவடிக்காரர் என் சாமான்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். இரண்டு மூட்டை மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. ஒரு கூஜாவில் ஈஸ்ட். ஒரு டின் நிறைய, பீருக்குக் கசப்பு ஏற்றுகிற ஹாப்ஸ் பூ. டின்னுக்குள் மூக்கை விட்டவர் நாலு தும்மல் தும்மினார். "எந்த வைத்தியசாலைக்கு?" என்று மலையாளத்தில் கேட்டார். துரைக்கு என்றேன். "பாவம், வயிற்றுக் கோளாறாக்கும்" என்று அனுதாபப்பட்டு மூட்டையில் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் கீறி விட்டுவிட்டார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினால் மழை. எங்கள் ஊரில் மழை வருவதற்கு முன்னால் இரண்டு நாள் வருகிறேன் வருகிறேன் என்று பயம் காட்டும். இங்கே கேட்டுக் கேள்வி இல்லாமல் கொட்டுகிறது. குதிரை வண்டிக்காரன் மூட்டைகளைப் பின்னால் கட்டினான். கட்டின லட்சணம், வண்டி திரும்பியதும் ஒரு மூட்டை நழுவி, சக்கரத்தில் சிக்கி, கிழிந்து, ரோடெல்லாம் மால்ட்.

நான் இறங்குவதற்குள் எங்கிருந்தோ பத்துப் பதினைந்து பேர் வந்து குனிந்துவிட்டார்கள். எனக்கு உதவி செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் பொறுக்கிப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. "தின்கிற தானியமில்லை, போடு கீழே!" என்று கத்தினேன். குடை பிடித்த ஒரு பெரியவர் ஒரு மணியை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, "தித்திக்கிறதே" என்றார். பர்மா அரிசி வராமல் அந்த வருஷம் சமஸ்தானமே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் பக்கம் அரிசி இல்லாவிட்டால் ராகி இருக்கும். கிழிந்த மூட்டையில் முக்கால்தான் மிஞ்சியது; அதையும் முழு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வண்டி ஏறினேன்.

தம்பானூரிலேயே ஒரு லாட்ஜில் தங்கினேன். குடிக்கச் சுக்குப் போட்ட வெந்நீர் கொடுத்தார்கள். பச்சைத் தண்ணீர் கேட்டால், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டவன் மாதிரி பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு ஒரு கைப்பிடி சிவப்பரிசிச் சோறு, பக்கத்தில் மலை மாதிரி வேகவைத்த மரச்சீனி, மீனில்லாத மீன் குழம்பு போல ஒரு புளிக்குழம்பு. எதிர் இலைக்காரர் என் சோற்றைப் பார்த்துக்கொண்டே கிழங்கைப் பிசைந்தார். நான் அவர் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

மறுநாள் பங்களா. மேட்டின் மேல் ஓடு வேய்ந்த பெரிய வீடு, சுற்றிலும் பலா மரங்கள். துரை நல்ல மனிதர். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்கிற ரகம். பட்லர் ஒரு மலையாளி, பெயர் குட்டன் பிள்ளை. பாத்திரம் விளக்க ஒரு பெண். ஞானம்மாள் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். தமிழ்க் கிறிஸ்தவள், நேமத்திலிருந்து தினமும் நடந்தே வருகிறவள். என் தமிழைக் கேட்டதும் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

"சாருக்கு எந்த ஊரு?" என்றாள்.

"பூர்விகம் திருநெல்வேலி."

"அப்ப நம்ம ஆளாக்கும்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு பாத்திரம் விளக்குகிறவள் என்னை நம்ம ஆள் என்பதா என்று ஒரு கர்வம். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

அன்று பகல் முழுக்கத் திருகையில் மால்ட்டை உடைத்தது அவள்தான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாவாகக் கூடாது, ரவையாக உடைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு குருணைகூட அவள் வாய்க்குப் போகவில்லை. கடைசி மூட்டை முடியும்போது மட்டும் கேட்டாள்.

"இதுல சத்தை இறுத்து எடுத்த பின்ன சக்கை மிஞ்சும்லா, அதை என்ன செய்வீங்க?"

"ஆலையில் மாட்டுக்குப் போடுவார்கள்."

"துரைக்கு மாடு இல்லியே சாரே. எனக்குத் தருவியளா? கிழங்கு தின்னு தின்னு எனக்க வீட்டுல எல்லாருக்கும் வயிறு கல்லாப் போச்சு."

எடுத்துக்கொள், முழுவதும் எடுத்துக்கொள் என்றேன். என் சொத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி தாராளம்.

காய்ச்சுவதற்குத் துரை ஒரு செம்புச் சருவம் வாங்கி வைத்திருந்தார். கல்யாண வீட்டில் பாயசம் காய்ச்சுவார்களே, ஆள் உட்காரலாம் போன்ற அந்தப் பெரிய பாத்திரம். நாள்பட்டுக் கறுத்துக் கிடந்தது. ஞானம்மாள் பழம்புளியைக் கரைத்து, உப்புச் சேர்த்து, தேங்காய் நாரால் உள்ளும் புறமும் ஒரு மணி நேரம் தேய்த்தாள். செம்பை வேறு எதைப் போட்டு விளக்குவார்கள்? எங்கள் வீட்டிலும் அதுதான். பிறகு கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றி அலசினாள். முகம் பார்க்கலாம் போலிருந்தது. துரைகூட வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார்.

மூன்றாம் நாள் காலை காய்ச்ச ஆரம்பித்தோம். வேலை இவ்வளவுதான்: உடைத்த மால்ட்டைச் சுடுதண்ணீரில் கலந்து கூழாக்கி, ஒரே சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் மாவெல்லாம் சர்க்கரையாக மாறும். சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்று பீராக்கும். ஆனால் கூழில் புளிப்பு அளவோடு இருந்தால்தான் மாவு மாறும். புளிப்புக் குறைந்தாலும் கெட்டது, கூடினாலும் கெட்டது. எங்கள் ஆலைக் கிணறு சுண்ணாம்புக் கிணறு, புளிப்பை முறித்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லாக்டிக் அமிலம் ஊற்றித்தான் சரிக்கட்டுவோம். எட்டு வருஷம் அதை ஊற்றியே பழகிய கை என் கை.

நான் கண்ணாடிப் புட்டியைத் திறந்ததும் துரை கேட்டார்: "முதலில் இந்தத் தண்ணீரைச் சோதிக்க வேண்டாமா?"

பெட்டியில் சோதனைச் சாயம் இருந்தது. ஒரு துளி போதும், அரை நிமிஷ வேலை. ஆனால் துரை பக்கத்தில் நிற்கிறார், பட்லர் நிற்கிறான், ஞானம்மாள் விறகு தள்ளிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாள். "எட்டு வருஷம் சார். என் கைக் கணக்கே போதும்" என்று ஆலைக் கணக்கில் ஊற்றினேன். துரை புருவத்தை உயர்த்தித் தலையசைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கரண்டி கூழை வெள்ளைப் பீங்கானில் எடுத்து அயோடின் விட்டேன். மாவு மாறியிருந்தால் அயோடின் அதன் பழுப்பு நிறத்திலேயே நிற்கும். மாறாவிட்டால் கறுக்கும். மை கொட்டியது போலக் கறுத்தது. இன்னும் அரை மணி, இன்னும் ஒரு மணி. அதே கறுப்பு. துரை கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் சாயத் துளியை எடுத்துக் கூழில் விட்டேன். ஆரஞ்சாக நிற்க வேண்டியது ரத்தச் சிவப்பாக நின்றது. எக்கச்சக்கப் புளிப்பு.

"எதனால்?" என்றார் துரை.

நான் சருவத்தின் பக்கம் குனிந்தேன். சருவத்தின் விளிம்பு மடிப்பில் ஒரு புளித் தும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நகக்கண் அளவு. அதைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் துரையிடம் நீட்டினேன்.

"பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கியிருக்கிறார்கள், சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துரை முகம் சிவந்துபோனது. குட்டன் பிள்ளை உடனே, இந்த ஜாதியிடம் சுத்தம் எப்படி எதிர்பார்ப்பது என்கிற மாதிரி மலையாளத்தில் ஏதோ சொன்னான். ஞானம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தும்பையும் எங்கள் முகங்களையும் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"மூணு வெள்ளம் விட்டு அலசினேன் சாரே. மோந்து பாத்தேன். நாக்கு வச்சும் பாத்தேன். புளிப்பு இல்ல. நீங்க துரைகிட்டச் சொல்லுங்க."

"புளி லேசில் போகாது" என்றேன் அவளிடம்.

போகும். ஒரு தடவை அலசினாலே போகும். அத்தனை பெரிய சருவத்துக்கு அந்தத் தும்பு எம்மாத்திரம் என்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்வான். சம்பளம் வாங்கும் கெமிஸ்ட் நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த நேரத்தில் நானே அதைப் பாதி நம்பினேன். நம்பிக்கொண்டால் சௌகரியமாக இருந்தது.

துரை அவளை அன்றே நிறுத்திவிட்டார். கூழை முழுவதும் பலா மரத்தடியில் குழி வெட்டிக் கொட்டச் சொன்னார். அதைக் கொட்டியதும் ஞானம்மாள்தான். மாவாகவே இருந்த கூழ் அது; நாலு குடும்பம் கஞ்சியாகக் குடித்திருக்கலாம். எனக்குத் தா என்று அவள் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, கழுவிய கையை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போனாள்.

நாலாம் நாள் விடிந்ததும் யாருக்கும் முன்னால் பங்களாவுக்குப் போனேன். ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீர் எடுத்து ஒரு துளி சாயம் விட்டேன். எங்கள் ஆலைத் தண்ணீர் மஞ்சளாக நிற்கும். இது தானாகவே ஆரஞ்சாகிவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த ஊர்க் கிணறெல்லாம் சிவப்பு வெட்டுக்கல்லில் ஊறுகிற மழைத் தண்ணீர். அதில் சுண்ணாம்பே கிடையாது. சரிக்கட்டுவதற்கு ஒன்றும் இல்லாத தண்ணீரில் நான் ஆலை அளவு அமிலத்தைக் கொட்டியிருக்கிறேன். எங்கள் தலைமை ப்ரூவர் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், தண்ணீரைப் பார்க்காமல் புட்டியைத் தொடாதே என்பது.

பின்னால் குட்டன் பிள்ளை வந்து, என்ன சார் என்றான். டம்ளரைச் செடியில் கொட்டினேன். "வாய் கொப்பளித்தேன்" என்றேன்.

அன்று மீதியிருந்த மால்ட்டில் அமிலம் ஊற்றாமல் இரண்டாம் கூழ் வைத்தேன். பாத்திரத்தைச் சாம்பல் போட்டுக் குட்டன் பிள்ளையே விளக்கினான். ஒன்றரை மணி நேரத்தில் அயோடின் பழுப்பாகவே நின்றது. துரை என் முதுகில் தட்டினார். "பார்த்தீர்களா, சுத்தமான பாத்திரம் என்றால் எப்படி!" என்றார். ஆமாம் சார் என்றேன். இறுத்து வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தோம். சக்கையை ரோஜாச் செடிகளுக்கு உரமாகப் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு நுரைத்து அடங்குகிற வரை எனக்கு வேலை இல்லை. நாள் முழுக்க ஊர் சுற்றலாம். கிழக்கேகோட்டை வரை தினமும் நடந்தேன். கோயில் குளத்துப் படியில் உட்கார்வேன். வேட்டியும் மேல்துண்டும் பெட்டியில் தயாராக இருந்தன, உள்ளே போகத்தான் மனசு வரவில்லை. பெருமாள் என்ன கேட்டுவிடப் போகிறார் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பிறகு எழுந்து சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். கொப்பரையும் மிளகும் கருவாடும் கலந்த வாசனை அந்தத் தெருவில். அரிசிக் கடை வாசலில் மட்டும் வாசனை இல்லை, வரிசைதான்.

எட்டாம் நாள் தம்பானூர் டீக்கடையில் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பங்களா வேலைக்காரர்கள் போலிருந்தது. "இன்ஜினீயர் துரையின் சாராயத்தில் ஒருத்தி புளியைக் கரைத்து ரசம் வைத்துவிட்டாளாமே!" என்றான் ஒருவன். "நேற்று எங்கள் பங்களாவுக்கு வேலை கேட்டு வந்தாள். சீட்டு எங்கே என்றேன். திரும்பிப் போய்விட்டாள்" என்றான் மற்றவன். அந்த ஊர்ப் பங்களாக்களில் அது ஒரு வழக்கம். முன்பு வேலை பார்த்த துரை கையெழுத்துப் போட்டு, இன்னார் நல்லவர் என்று எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் வாசலுக்குள் விட மாட்டார்கள். டீ பாதியில் இருக்கும்போதே எழுந்துவிட்டேன்.

குட்டன் பிள்ளையிடம் வழி கேட்டு, ஒன்பதாம் நாள் நேமத்துக்கு பஸ் ஏறினேன். பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டுகிற பஸ். பின்னால் ஒரு அடுப்பு, அதற்கு விசிறி சுற்றக் கண்டக்டர். கரமனைப் பாலம் தாண்டி ஒரு சின்ன மேடு வந்ததும் நின்றுவிட்டது. "முதல் வகுப்பு உட்காரலாம், மற்றவர்கள் தள்ளலாம்" என்று ஒருவர் அறிவித்தார். பஸ்ஸில் வகுப்பே கிடையாது. ஒரு வக்கீலும் இரண்டு மீன்காரிகளும் நானும் தள்ளினோம். வக்கீலின் வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. வேறு சமயமாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஓலை வீடு. வாசலில் ஞானம்மாள் மரச்சீனியைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன் யோசேப்பு. குழித்துறைப் பக்கம் பனையேறிக்கொண்டிருந்தவர். விழுந்து இடுப்பு ஒடிந்து ஐந்து வருஷமாகப் படுக்கை. என்னைக் கண்டதும் அவள் எழுந்து, துணியால் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள். நான் செய்ததை அவள் இன்னும் அறியவில்லை என்பது அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது.

யோசேப்புக்குப் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி. நான் என்ன உத்தியோகம் என்று கேட்டார். புளிப்புப் பார்க்கிற உத்தியோகம் என்றேன்.

"அது எனக்கும் தெரிஞ்ச வேலையாக்கும்" என்றார். "அக்கானி, அதான் பதனி, எறக்குத கலயத்துல சுண்ணாம்பு தடவுவோம். குறைஞ்சா புளிச்சுக் கள்ளாப் போவும், கூடினா வாயி வெந்து போவும். ஒரு பனைக்குள்ள அளவு அடுத்த பனைக்கு ஒக்காது சாரே. ஒவ்வொண்ணையும் நாக்குல வச்சுப் பாக்காம தடவப்பிடாது."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குப் பலகையில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். தண்ணீரைச் சோதிக்காமல் அமிலம் ஊற்றியது நான், புளியால் ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளை நீங்கள் என்று கூப்பிட்டுப் பேசினேன். பங்களாவில் நீ, வா, போ என்றுதான் பேசியிருந்தேன்.

ஞானம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எனக்க கை இல்ல" என்றாள்.

"இல்லை."

"ஆறு நாளா நான் எனக்க கையை மோந்து மோந்து பாத்துக்கிட்டு இருக்கேன் சாரே. இவருக்குக் கஞ்சி குடுக்கதுக்கே பயமா இருந்து."

யோசேப்பு ஓலைக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞானம்மாள் சீவிய கிழங்குகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "அந்த வேலை திரும்ப வேண்டாம். துரைகிட்ட நெசத்தைச் சொல்லி ஒரு சீட்டு மட்டும் எழுதி வாங்கித் தாங்க. சீட்டு இருந்தா நான் எங்கயும் பொழைச்சுக்கிடுவேன். வாரத்துக்கு நாலு இடங்கழி அரிசி அந்தப் பங்களாவுல குடுத்துக்கிட்டு இருந்தாவ. இப்ப அதும் இல்ல."

"நாளை மறுநாள் சாயங்காலம் பங்களாவுக்கு வாருங்கள். சீட்டு வாங்கி வைக்கிறேன்" என்றேன். மனசார, நிச்சயமாகச் சொன்னேன். திரும்பும்போது பஸ் தானாகவே ஓடியது. வழியெல்லாம் துரையிடம் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நாலே வாக்கியம்.

பத்தாம் நாள் துரை வெளியூர் போயிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பதினோராம் நாள் சாயங்காலம், என் ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. துரை நாலைந்து சிநேகிதர்களைக் கூப்பிட்டிருந்தார். பீரை ஊற்றினார்கள். இளசுதான், இன்னும் ஒரு மாதம் கிடந்திருந்தால் தெளிந்திருக்கும். ஆனாலும் நிறமும் நுரையும் நன்றாக வந்திருந்தன. ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, வீட்டு நினைவு வந்துவிட்டது என்றார். துரை என்னை நடுவில் நிறுத்தி அறிமுகம் செய்தார். "இந்த மனிதர் ஒரு புளித் தும்பை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்!" என்று அந்தக் கதையை விஸ்தாரமாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் வாயைத் திறந்தேன். நாலு வாக்கியமும் வரிசையாக நின்றன. அப்போது துரை கோட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் கையில் வைத்தார். "உங்கள் முதலாளிக்கு. உங்களைப் பற்றித்தான்" என்றார். கவர் ஒட்டப்படவில்லை. என் பெயரும், அப்பழுக்கற்ற நிபுணர் என்கிற சொல்லும் மேலாகவே தெரிந்தன.

"ஏதாவது சொல்ல வேண்டுமா, மிஸ்டர் நாதன்?" என்றார்.

"ஒன்றுமில்லை சார். விடைபெற்றுக்கொள்கிறேன்."

பயம் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பயம் இல்லை. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டுக்கு அந்தப்புறம், ரோட்டோரத்தில் ஞானம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை, எண்ணெய் தடவி வாரிய தலை. துரை கூப்பிட்டு எதிரில் நிறுத்திச் சீட்டுக் கொடுப்பார் என்று நினைத்திருக்கிறாள். என் கையில் இருந்த கவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சீட்டா சாரே?"

கவரைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். "இது வேறு" என்றேன். அப்புறம், எப்படி வந்ததென்று தெரியாமல், வாய் தானாகச் சொன்னது: "எல்லாவற்றையும் சொன்னேன் ஞானம்மா. என் தப்புதான் என்று சொன்னேன். துரை கேட்கவில்லை. சீட்டுத் தர முடியாது என்றுவிட்டார்."

அவள் பங்களாவை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, அவளுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"போகட்டு சாரே. நீங்க ஏன் வெசனப்படுதிய? அம்புட்டு வெள்ளைக்காரமாரு முன்ன நின்னு, எனக்கு வேண்டி, தப்பு எனக்கதுன்னு சொன்னியளே. ஒங்க வேலைக்கு ஒண்ணும் வந்திராதே?"

வராது என்றேன்.

"எனக்கு வேண்டி இதுவரை ஒரு ஆளும் வாய் திறந்து பேசினது இல்ல. அது போரும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை கோயில்ல ஒங்களுக்காவ ஜெபம் பண்ணச் சொல்லுதேன். ஒங்க முழுப் பேரு என்ன சாரே?"

குதிரை வண்டிக்காரன் நேரமாகிறது என்றான். சிதம்பரநாதன் என்றேன். அவளுக்குப் புழங்காத பெயர். மறந்துவிடாமல் இருக்க, என் கண் முன்னாலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.